மனித உயரத்தின் நாள்சார் மாறுபாடு

மனித உயரத்தின் நாள்சார் மாறுபாடு என்பது, ஒருவருடைய நின்ற நிலை உயரம் காலையில் படுக்கையை விட்டு எழும்போது மிகுதியாகவும், இரவு படுக்கச் செல்லும்போது குறைவாகவும் இருக்கும் இயல்பான உடலியங்கியல் நிகழ்வு ஆகும். வளர்ந்த ஒருவரிடம் இவ்வேறுபாடு பொதுவாக ஒன்று முதல் இரண்டு செண்டி மீட்டர் வரை, அதாவது உயரத்தில் ஏறத்தாழ 1 விழுக்காடு இருக்கும். இது நோயன்று. முதுகெலும்பில் உள்ள இடைத்தட்டுகள் பகலில் உடல் எடையால் அழுத்தப்பட்டு நீரை இழப்பதும், இரவில் படுத்திருக்கும்போது அந்நீரைத் திரும்பப் பெறுவதுமே இதற்கு முதன்மையான காரணம். எனவே "ஒருவரின் உயரம் என்ன?" என்ற வினாவுக்கு, அளந்த நேரத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் விடை முழுமையடையும்.

அன்றாட வாழ்வில் இந்த ஒரு செண்டி மீட்டரை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் காவலர் தேர்வு, படைக்கு ஆளெடுப்பு, குழந்தைகளின் வளர்ச்சிக் கணிப்பு போன்றவற்றில் அரை செண்டி மீட்டர் கூட முடிவை மாற்றிவிடக்கூடியது.

வரலாறு

இந்நிகழ்வைப் பற்றி முறையாக எழுதிய முதல்வர்களுள் ஒருவர் மருத்துவர் அல்லர். இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்சயரில் உள்ள ஐன்கோ என்னும் ஊரின் திருச்சபைக் குருவும் இலத்தீன் அறிஞருமான ஜோசப் வாசு என்பவர், 1724 இல் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் இது பற்றிய மடலை வெளியிட்டார். உட்கார்ந்து பணி செய்வோர், நாட்கூலித் தொழிலாளர் எனப் பலரையும் காலையும் இரவும் அளந்து, வேறுபாடு ஏறத்தாழ ஓர் அங்குலத்தை எட்டுவதாக அவர் குறிப்பிட்டார். உடல் நிமிர்ந்திருக்கும்போது முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள குருத்தெலும்பு எடைக்கு விட்டுக்கொடுப்பதே காரணம் என்ற விளக்கமும் அக்காலத்திலேயே முன்வைக்கப்பட்டது. ஊடுகதிர்ப் படம் கண்டுபிடிக்கப்படுவதற்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னர், அளவுகோலை மட்டும் கொண்டு எட்டிய இம்முடிவு பெரும்பாலும் சரியானது என்பது வியப்புக்குரியது.

1935 இல் டி புக்கி என்ற ஆய்வாளர் 5 முதல் 90 வயது வரையிலான 1,216 பேரை அளந்து முடிவுகளை வெளியிட்டார். சராசரி வேறுபாடு 15.7 மி.மீ. எனவும், சிறுவர்களில் அது உயரத்தில் 2 விழுக்காடு வரை செல்வதாகவும், எழுபது வயதைக் கடந்தவர்களில் அரை விழுக்காடாகச் சுருங்கிவிடுவதாகவும் அவர் கண்டார். 1980களில் மில்லி மீட்டருக்கும் நுண்ணிய மாற்றத்தைக் காட்டும் உயரமானிகள் உருவாக்கப்பட்டன. அவற்றைக் கொண்டு இங்கிலாந்தில் ரைலி, டிரெல், டிரூப் ஆகியோர் இளைஞர் எண்மரை நாள் முழுவதும் அளந்து 1984 இல் வெளியிட்ட முடிவில் சராசரி வேறுபாடு 19.3 மி.மீ., அதாவது உயரத்தில் 1.1 விழுக்காடு எனப் பதிவாகியது.

இடைத்தட்டின் அமைப்பு

மனித முதுகெலும்பில் கழுத்து முதல் இடுப்பு வரை அடுக்கப்பட்டுள்ள முள்ளெலும்புகளுக்கு இடையே 23 இடைத்தட்டுகள் உள்ளன. மருத்துவமனைகளிலும் மக்கள் வழக்கிலும் "டிஸ்க்" என்று சொல்லப்படுவது இதுவே. முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு இடையில் மட்டும் இடைத்தட்டு இல்லை. முதுகெலும்பின் அசையும் பகுதியின் நீளத்தில் ஏறத்தாழக் கால் பங்கு இத்தட்டுகளால் ஆனது. கழுத்துப் பகுதியில் மெல்லியவையாக இருக்கும் இவை, இடுப்புப் பகுதியில் ஒரு செண்டி மீட்டர் அளவுக்குத் தடித்திருக்கும்.

ஒவ்வோர் இடைத்தட்டிலும் மூன்று பகுதிகள் உண்டு. நடுவில் கூழ் போன்ற உட்கரு உள்ளது. அதைச் சுற்றி, வெங்காயத்தின் தோல்களைப் போல அடுக்கடுக்காக அமைந்த நார் வளையம் உள்ளது. மேலும் கீழும் முள்ளெலும்போடு ஒட்டிய மெல்லிய குருத்தெலும்புத் தகடுகள் மூடிகளாக அமைகின்றன. இளம் வயதில் உட்கருவின் எடையில் 80 விழுக்காட்டுக்கும் மேல் நீர்தான்.

இந்நீரைப் பிடித்து வைத்திருப்பவை புரோட்டியோகிளைக்கன் எனப்படும் பெரிய மூலக்கூறுகள். புரத இழையொன்றில் தூரிகையின் மயிர்களைப் போலச் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும் அமைப்புடைய இவை எதிர் மின்னூட்டம் கொண்டவை. அம்மின்னூட்டத்தை ஈடுசெய்யச் சோடியம் போன்ற நேர் மின்னயனிகள் உட்கருவுக்குள் திரள்கின்றன. அயனிச் செறிவு உள்ளே மிகுதியாகவும் வெளியே குறைவாகவும் இருப்பதால், சவ்வூடு பரவல் விதிப்படி நீர் உள்நோக்கி இழுக்கப்படுகிறது. ஊறவைத்த கொண்டைக்கடலை பருப்பதோடு இதனை ஒப்பிடலாம். ஆனால் கடலை ஒருமுறை ஊறியதோடு சரி, இடைத்தட்டோ நாள்தோறும் ஊறியும் பிழியப்பட்டும் வருகிறது.

இயங்குமுறை

இடைத்தட்டின் மீது எதிரெதிரான இரண்டு விசைகள் செயற்படுகின்றன. ஒன்று, நீரை உள்ளிழுத்து அதனைப் பருக்கச் செய்யும் வீக்க அழுத்தம். மற்றொன்று, உடல் எடையாலும் முதுகுத் தசைகளின் இழுப்பாலும் ஏற்படும் அமுக்கம். இவற்றுள் எது மிஞ்சுகிறதோ அத்திசையில் நீர் நகரும்.

அமுக்கத்தின் அளவு ஊகமாகச் சொல்லப்படுவதன்று. சுவீடன் நாட்டு எலும்பியல் மருத்துவர் ஆல்ப் நாக்கெம்சன் 1960களில் உயிருள்ள மனிதரின் இடுப்பு இடைத்தட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளந்தார். செருமனியில் வில்க்கே என்பவரின் குழு 1999 இல் வெளியிட்ட அளவீட்டில், படுத்திருக்கும்போது 0.1 மெகாபாசுக்கல், தளர்வாக நிற்கும்போது 0.5 மெகாபாசுக்கல், முதுகை வளைத்து 20 கிலோ எடையைத் தூக்கும்போது 2.3 மெகாபாசுக்கல் எனப் பதிவாயின. 0.1 மெகாபாசுக்கல் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் ஆகும். வெறுமனே நிற்பவரின் இடுப்புத் தட்டு ஐந்து வளிமண்டல அழுத்தத்தையும், குனிந்து மூட்டையைத் தூக்குபவரின் தட்டு இருபதுக்கும் மேற்பட்ட வளிமண்டல அழுத்தத்தையும் தாங்குகின்றன.

அதே ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. ஏழு மணி நேரம் உறங்கியபோது இடைத்தட்டின் உள்ளழுத்தம் 0.10 இலிருந்து 0.24 மெகாபாசுக்கலாக மெல்ல உயர்ந்தது. உறங்குபவரின் மீது புதிதாக எந்தச் சுமையும் ஏறவில்லை. தட்டு தானாக நீரை உறிஞ்சி, மிதிவண்டிச் சக்கரம் காற்றடிக்கும்போது விறைப்பதைப் போல விறைத்துக்கொள்வதையே இது காட்டுகிறது.

பகலில் நிகழும் சுருக்கத்தில் இரண்டு கட்டங்கள் உள்ளன. எழுந்து நின்றவுடன் நார் வளையம் மீள்தன்மையால் சற்றுப் பக்கவாட்டில் பிதுங்கித் தட்டின் தடிப்பு உடனடியாகக் குறைகிறது. அதன்பின் குருத்தெலும்புத் தகடுகளின் வழியாகவும் நார் வளையத்தின் வழியாகவும் நீர் மெதுவாகக் கசிந்து வெளியேறுகிறது. மாறாத சுமையின் கீழ் ஒரு பொருள் காலப்போக்கில் தொடர்ந்து உருத்திரிவதைப் பொறியியலில் ஊர்வு என்பர். காங்கிரீட்டு உத்தரம் ஆண்டுக்கணக்கில் ஊர்வதைப் போல, இடைத்தட்டு மணிக்கணக்கில் ஊர்கிறது. நீர் வெளியேற வெளியேற எஞ்சியுள்ள அயனிகளின் செறிவு கூடுவதால், நீரைப் பிடித்து வைக்கும் விசையும் கூடுகிறது. ஆகவே சுருக்கம் முடிவின்றித் தொடராது, ஒரு நிலையில் தணிந்துவிடும்.

இதனை ஒரு கணக்கால் சரிபார்க்கலாம். முதுகெலும்பின் அசையும் பகுதியை 60 செ.மீ. எனக் கொண்டால் இடைத்தட்டுகளின் மொத்தத் தடிப்பு ஏறத்தாழ 15 செ.மீ. ஆகும். 1.5 செ.மீ. உயரம் குறைகிறது என்றால் அது தட்டுகளின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கு. 23 தட்டுகளுக்குப் பகிர்ந்தால் தட்டு ஒன்றுக்குச் சராசரியாக 0.65 மி.மீ. மட்டுமே வரும். தடித்தவையும் மிகுந்த எடையைத் தாங்குபவையுமான இடுப்புத் தட்டுகள் இதைவிடக் கூடுதலாகச் சுருங்கும். காந்த ஒத்ததிர்வுப் படங்களைக் கொண்டு 1994 இல் வெளியான ஓர் ஆய்வு, இடுப்புத் தட்டுகளின் கன அளவு காலைக்கும் மாலைக்கும் இடையே 16 விழுக்காடு வரை குறைவதாகக் காட்டியது. கணக்கும் படமும் ஒரே வரிசை அளவைத் தருவது குறிப்பிடத்தக்கது.

முதுகின் வளைவுகள் களைப்பால் சற்றுக் கூடுவதும், முழங்கால் குருத்தெலும்பும் குதிகாலின் கொழுப்புத் திண்டும் அமுங்குவதும் சிறு பங்கு வகிக்கின்றன. கால் எலும்புகளின் நீளம் ஒரு நாளில் மாறுவதில்லை.

நேரப்போக்கு

உயரம் நாள் முழுவதும் சீராகக் குறைவதில்லை. மொத்தக் குறைவில் பாதிக்கும் மேற்பட்டது எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. பிற்பகலில் குறைவு மிக மெதுவாகிறது. அவ்வாறே இரவில் மீளும் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் உறக்கத்தின் முதற்பாதியிலேயே திரும்பிவிடுகிறது. இரு திசையிலும் தொடக்கத்தில் விரைவு, பின்னர் தணிவு என்பதே இதன் இயல்பு.

இம்மாறுபாட்டை நடத்துவது கடிகாரமோ சூரியனோ அன்று, உடலின் கிடையே ஆகும். இரவுக் காவலர் ஒருவர் காலை எட்டு மணிக்குப் படுத்து மாலை நான்கு மணிக்கு எழுந்தால், அவருடைய உயரம் மாலை நான்கு மணிக்கே உச்சத்தில் இருக்கும். நண்பகல் உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் படுத்தெழுபவர் இழந்ததில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்கிறார். இதனால் "நாள்சார்" என்ற சொல் வசதி கருதி வழங்குவதே தவிர, முற்றிலும் பொருத்தமானதன்று.

சுமையும் தொழிலும் வயதும்

சுமை கூடும்போது சுருக்கம் விரைவுபடும். தோளில் எடை சுமந்தும், ஓடியும், படியேறியும் செய்யப்பட்ட ஆய்வுகளில் அரை மணி நேரத்துக்குள்ளேயே சில மில்லி மீட்டர் குறைவு அளக்கப்பட்டுள்ளது. 1984 இல் எக்லண்டு, கார்லெட்டு ஆகிய ஆய்வாளர்கள் இவ்வுண்மையைத் தலைகீழாகப் பயன்படுத்தினர். உயரம் எவ்வளவு குறைந்தது என்பதை அளந்தால், ஒரு வேலை முதுகுக்கு எவ்வளவு பளுவானது என்பதை ஊசி எதுவும் செலுத்தாமலே மதிப்பிடலாம் என்று அவர்கள் காட்டினர். நாற்காலி வடிவமைப்பு முதல் சுமை தூக்கும் முறை வரை பலவற்றை ஒப்பிட இம்முறை பயன்பட்டது. தலையில் நீர்க்குடமும் விறகுக் கட்டும் சுமப்போரிடமும், செங்கற் சூளைத் தொழிலாளரிடமும் நிகழ்வது இதே இயற்பியல்தான். தலைச்சுமையின் எடை முழுவதும் கழுத்தின் மெல்லிய தட்டுகள் வழியாகவே கீழிறங்க வேண்டியிருக்கிறது.

வயது கூடும்போது உட்கருவில் புரோட்டியோகிளைக்கனின் அளவு குறைந்து நீரின் பங்கு 70 விழுக்காடு அளவுக்கு இறங்குகிறது. பிழிவதற்கு நீர் குறைவாக இருப்பதால் முதியோரிடம் நாள்சார் மாறுபாடும் குறைவு. முதுமையில் ஏற்படும் நிலையான உயரக் குறைவு இதிலிருந்து வேறானது. அது இடைத்தட்டுகள் மெலிவதாலும், எலும்புப்புரை நோயில் முள்ளெலும்புகளே நொறுங்குவதாலும் உண்டாகிறது. இரவு உறக்கம் அதனை மீட்பதில்லை.

தர்மபுரி மாவட்டமும் விறைத்த முதுகெலும்பும்

முதுகெலும்பு நாள்தோறும் சுருங்கி விரிவது உடல்நலத்தின் அடையாளம் என்பதைத் தர்மபுரி மாவட்டத்தின் பழைய துயரம் ஒன்று வேறு விதமாக உணர்த்துகிறது. சுப்பிரமணிய சிவா 1925 இல் மறைந்த ஊராகவும், அவருடைய நினைவிடம் உள்ள ஊராகவும் அறியப்படும் பாப்பாரப்பட்டியைச் சுற்றியுள்ள பென்னாகரம் வட்டாரம் உள்ளிட்டு, இம்மாவட்டத்தின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுதி. கடினப் பாறைகளில் உள்ள ஃபுளோரின் கொண்ட கனிமங்களிலிருந்து அது நிலத்தடி நீரில் கரைகிறது. இந்தியத் தர நிறுவனத்தின் குடிநீர்த் தரம், இலிட்டருக்கு 1 மில்லி கிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லி கிராமை உச்ச வரம்பாகவும் கொள்கிறது.

இவ்வரம்பைக் கடந்த நீரைப் பல்லாண்டுகள் குடிப்போருக்கு முதலில் பற்களில் கறையும், பின்னர் எலும்பு ஃபுளோரோசிசு எனப்படும் நோயும் ஏற்படலாம். இதில் எலும்புகள் தடிப்பதோடு, முள்ளெலும்புகளைப் பிணைக்கும் தசைநார்களில் சுண்ணாம்புச் சத்து படிந்து அவை எலும்பாகவே இறுகுகின்றன. கழுத்தைத் திருப்ப முடியாமலும், முதுகை வளைக்கவோ நிமிர்த்தவோ முடியாமலும் போகும். இந்நோய் இந்தியாவில் முதன்முதலாக விரிவாக விளக்கப்பட்டது பழைய சென்னை மாகாணத்தில்தான். எச். ஈ. சார்ட்டும் அவருடைய குழுவினரும் நெல்லூர் மாவட்டத்துச் சிற்றூர் மக்களிடம் ஆய்ந்து 1937 இல் அதனை வெளியிட்டனர்.

இரண்டு முள்ளெலும்புகள் எலும்புப் பாலத்தால் இணைந்துவிட்டால், அவற்றுக்கு இடையிலுள்ள தட்டு பகலில் அமுங்கவும் இரவில் விரியவும் இடமில்லை. அம்முதுகெலும்பு ஒரு தண்டாகிவிடுகிறது. முதுகெலும்பு இறுக்க அழற்சி என்ற மற்றொரு நோயிலும் இவ்வாறே முள்ளெலும்புகள் பிணைகின்றன. காலையில் ஒன்றரை செண்டி மீட்டர் உயர்ந்து எழுவது, இடைத்தட்டுகளும் தசைநார்களும் நெகிழ்வோடு இருப்பதன் விளைவு என்பதை இந்நோய்கள் எதிர்மறையாக விளக்குகின்றன.

தர்மபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைச் சுத்திகரித்து வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிசு தணிப்புத் திட்டத்துக்குச் சப்பான் நாட்டின் கடனுதவியுடன் 2008 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2013 இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே நோயின் பெயரும் இடம்பெற்றிருப்பது அரிது.

ஆளெடுப்பில் உயர அளவீடு

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 170 செ.மீ., பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினருக்கு 167 செ.மீ. என்பது குறைந்த அளவு உயரம் ஆகும். பெண்களுக்கு இவை முறையே 159, 157 செ.மீ. ஆகும். எழுத்துத் தேர்வில் எவ்வளவு மதிப்பெண் பெற்றிருந்தாலும், இவ்வரம்புக்குக் கீழே உள்ளவர் உடற்கூறு அளத்தலில் விலக்கப்படுவார். அளவீட்டை எதிர்த்து, மீண்டும் அளக்கக் கோரி விண்ணப்பதாரர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடிய வழக்குகள் பல உண்டு.

வரம்புக்கு அருகில் உள்ளவருக்கு நேரம் எவ்வாறு பொருட்டாகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். ஒரு நாளில் 1.6 செ.மீ. சுருங்கும் ஒருவர் காலை ஐந்து மணிக்கு எழும்போது 171 செ.மீ. இருப்பதாகக் கொள்வோம். ஆறு மணிக்கே அவர் ஏறத்தாழ 170.2 செ.மீ. ஆகிவிடுவார். இரவில் 169.4 செ.மீ. ஆவார். இடைப்பட்ட நேரத்தில், முற்பகலில் எங்கோ, அவர் 170 என்னும் கோட்டைக் கடந்து கீழே செல்கிறார். காலை ஏழு மணிக்கு வரிசையின் தொடக்கத்தில் நின்றால் தேர்ச்சி பெறக்கூடியவர், நண்பகல் வரை வெயிலில் நின்று வரிசையின் கடைசியில் அளக்கப்பட்டால் தவறக்கூடும்.

ஆயினும் இதனை மிகைப்படுத்தலாகாது. பெரும்பகுதிச் சுருக்கம் எழுந்த முதல் மணி நேரத்தில் முடிந்துவிடுவதால், காலை எட்டு மணி அளவுக்கும் பிற்பகல் அளவுக்கும் இடையே எஞ்சுவது பொதுவாக அரை செண்டி மீட்டர் அளவே. மூன்று செண்டி மீட்டர் குறைவானவரை எந்த நேரமும் காப்பாற்றாது. மேலும், தலையைச் சாய்த்தல், முழங்காலைத் தளர்த்துதல், அளவுகோலின் சாய்வு ஆகியவற்றால் வரும் பிழையும் ஏறக்குறைய இதே அளவினது. இளைஞர்கள் அளவீட்டுக்கு முன் கம்பியில் தொங்குவதும், பேருந்தில் படுத்தே வருவதும், உள்ளபடியே சில மில்லி மீட்டர்களைத் தரக்கூடும். ஆனால் எழுந்து நின்ற சில நிமிடங்களிலேயே அதில் ஒரு பகுதி கரையத் தொடங்கிவிடும். தொங்குவதால் நிலையாக உயரம் கூடும் என்று விற்கப்படும் கருவிகளின் விளம்பரங்கள், இத்தற்காலிக மாற்றத்தையே சான்றாகக் காட்டுகின்றன. வளர்ச்சி முடிந்த எலும்பு தொங்குவதால் நீள்வதில்லை.

அனைவரையும் ஒரே நேரத்தில் அளப்பது பெருந்திரளான தேர்வுகளில் இயலாது. ஆனால் வரம்புக்கு ஒரு செண்டி மீட்டருக்குள் தவறுபவரை மறுநாள் காலையில் மீண்டும் அளப்பது எளிது, செலவும் இல்லை. உயரம் என்பது நிலையான ஓர் எண் என்ற எண்ணமே இதற்குத் தடையாக உள்ளது.

குழந்தை வளர்ச்சிக் கணிப்பு

பள்ளி வயதுக் குழந்தை ஒன்று ஆண்டுக்கு 5 அல்லது 6 செ.மீ. வளரும். ஆறு மாதத்தில் ஏறத்தாழ 2.5 செ.மீ. வளரும் குழந்தையை முதன்முறை காலையிலும் அடுத்த முறை மாலையிலும் அளந்தால், அதன் வளர்ச்சியில் ஒரு செண்டி மீட்டர் வரை காணாமற் போய்விடலாம். மருத்துவர் அதனை வளர்ச்சிக் குறைபாடு எனக் கருதித் தேவையற்ற குருதிச் சோதனைகளுக்கு அனுப்பக்கூடும். நேரம் இடம்மாறினால், உண்மையில் குறைபாடுள்ள குழந்தை நன்கு வளர்வதாகவும் தோன்றலாம். எனவே வளர்ச்சி மருத்துவமனைகளில் ஒரே குழந்தையை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அளப்பது பரிந்துரைக்கப்படுகிறது. அளப்பவர் குழந்தையின் தாடையையும் காதுக்குப் பின்னுள்ள எலும்பையும் மெல்ல மேல்நோக்கித் தாங்கும் முறையும் கையாளப்படுகிறது. ஆனால் இது நாள்சார் குறைவை முழுமையாக ஈடுசெய்வதில்லை.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் படுக்க வைத்தே அளக்கப்படுகின்றன. ஒரே குழந்தையின் கிடைநீளம், நின்ற உயரத்தைவிட ஏறத்தாழ 0.7 செ.மீ. கூடுதலாக இருக்கும் என்று உலக நலவாழ்வு அமைப்பின் வளர்ச்சித் தரங்கள் கணக்கில் கொள்கின்றன. அங்கன்வாடிகளில் ஒரு முறை படுக்க வைத்தும் மறுமுறை நிற்க வைத்தும் அளந்து, திருத்தம் செய்யாமல் பதிவேட்டில் எழுதினால் குழந்தை குட்டையாகிவிட்டதாகத் தோன்றும்.

காலைக் குனிவும் முதுகுவலியும்

காலையில் இடைத்தட்டு நீரால் நிறைந்து விறைப்பாக இருப்பதால், அப்போது முன்னோக்கி வளைப்பது கடினம். பலருக்கு எழுந்தவுடன் முதுகு "பிடித்திருப்பது" போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆடம்சு, டோலன், அட்டன் ஆகியோர் 1987 இல் வெளியிட்ட ஆய்வின்படி, மாலையில் வளைவதைவிட அதிகாலையில் முழுமையாக வளையும்போது இடைத்தட்டின் மீது ஏற்படும் வளைவுத் தகைவு பல மடங்கு கூடுதலாகும். நாட்பட்ட இடுப்புவலி உள்ளவர்கள் எழுந்த முதல் சில மணி நேரத்தில் குனிவதைத் தவிர்த்தபோது வலி குறைந்தது என்று சுனூக்கும் உடன் ஆய்வாளர்களும் 1998 இல் தெரிவித்தனர்.

வேளாண்மையை நம்பியுள்ள ஊர்களில் இவ்வறிவுரையைப் பின்பற்றுவது எளிதன்று. தர்மபுரி மாவட்டம் பூச்சாகுபடிக்குப் பெயர் பெற்றது. பூப்பறித்தல் விடியலில் நிகழ்வது, ஏனெனில் பூ காலைச் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். பால் கறத்தலும் சாணம் அள்ளுதலும் வாசல் கூட்டுதலும் அதே நேரத்தில்தான் நடைபெறுகின்றன. இடைத்தட்டுகள் மிகவும் விறைத்துள்ள நேரமும் நாளின் மிகக் குனிந்த வேலைகளும் ஒன்றுசேர்வது கிராமப்புறப் பெண்களின் முதுகுக்கு நேரும் கூடுதல் சுமை ஆகும். நீண்ட கைப்பிடியுள்ள துடைப்பம், இடுப்பை மடக்காமல் முழங்காலை மடக்கி உட்காருதல், எழுந்த பின் சிறிது நேரம் நடந்துவிட்டுக் குனிதல் ஆகியவை ஓரளவு உதவும்.

எடையற்ற நிலையில்

விண்வெளியில் இடைத்தட்டுகளை அமுக்க எடை இல்லை. உறக்கத்தில் நிகழும் விரிவு அங்கு பகலிலும் தொடர்வதோடு முதுகின் வளைவுகளும் நேராகின்றன. இதனால் விண்வெளி வீரர்களின் உயரம் 3 விழுக்காடு வரை கூடலாம். புவிக்குத் திரும்பியபின் இது மறைந்துவிடும். சப்பானிய வீரர் நோரிசிகே கனாய் 2018 சனவரியில் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து தாம் 9 செ.மீ. வளர்ந்துவிட்டதாக டுவிட்டரில் எழுதினார். திரும்பும் கலத்தின் இருக்கையில் பொருந்துவோமா என்றும் கவலைப்பட்டார். மீண்டும் அளந்தபோது வளர்ச்சி 2 செ.மீ. மட்டுமே எனத் தெரிந்தது. பயிற்சி பெற்றவர்களாலும் உயரத்தைச் சரியாக அளப்பது எளிதன்று என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வீட்டில் அளந்து பார்த்தல்

இம்மாறுபாட்டை மாணவர் எவரும் செலவின்றிச் சோதித்துப் பார்க்கலாம். தேவையானவை செங்குத்தான சுவர், தரையோடு ஒட்டிய சமதளம், இரும்பு நாடா அளவுகோல், செங்கோண மட்டம் அல்லது கெட்டி அட்டை போட்ட நோட்டுப் புத்தகம், உதவிக்கு ஒருவர். வெறுங்காலுடன் குதிகால், பிட்டம், தோள் ஆகியவை சுவரைத் தொட நின்று, கண்ணின் கீழ் விளிம்பும் காதுத் துளையின் மேல் விளிம்பும் ஒரே கிடைமட்டத்தில் இருக்குமாறு நேரே பார்க்க வேண்டும். மட்டத்தின் ஒரு பக்கம் சுவரிலும் மற்றொரு பக்கம் தலையிலும் படியுமாறு இறக்கிப் பென்சிலால் குறியிடலாம். தலைமுடியை நன்றாக அழுத்துவது முக்கியம். குடுமியும் கொண்டையும் இருந்தால் சோதனை வீண்.

ஒரு முறை அளப்பதில் 3 மி.மீ. பிழை நேர்வது இயல்பு. ஒவ்வொரு வேளையும் சுவரை விட்டு விலகி மீண்டும் வந்து நின்று மூன்று முறை அளந்து சராசரி எடுத்தால் பிழை ஏறத்தாழ 1.7 மி.மீ. ஆகக் குறையும். தேடும் மாற்றம் 10 முதல் 20 மி.மீ. என்பதால் இந்தத் துல்லியம் போதுமானது. எழுந்து நின்ற ஐந்து நிமிடத்துக்குள் முதல் அளவை எடுக்க வேண்டும். பல் துலக்கி, காப்பி குடித்துவிட்டு அளந்தால் காண வேண்டியதில் பாதி போய்விட்டிருக்கும். அடுத்த அளவுகளை ஒரு மணி நேரம் கழித்தும், நண்பகலிலும், படுக்கும் முன்னும் எடுக்கலாம். அளப்பவருக்கு முந்தைய குறி தெரியாதவாறு ஒவ்வொரு முறையும் புதிய தாளைச் சுவரில் ஒட்டுவது நன்று. ஏனெனில் எதிர்பார்ப்பு கையைச் சற்று நகர்த்தவல்லது.

சாதனை அளவீடுகள்

உலகின் மிக உயரமானவர், மிகக் குட்டையானவர் ஆகிய பட்டங்களை முடிவு செய்யும்போது கின்னசு உலக சாதனை அமைப்பு ஒரே நாளில் பல வேளைகளில் அளக்கிறது. நாக்பூரைச் சேர்ந்த சோதி ஆம்கே 2011 திசம்பரில் 62.8 செ.மீ. என அறிவிக்கப்பட்டதும், நேபாளத்தைச் சேர்ந்த சந்திர பகதூர் டாங்கி 2012 பெப்ரவரியில் 54.6 செ.மீ. என அறிவிக்கப்பட்டதும் இவ்வாறு பலமுறை அளந்த பின்னரே ஆகும்.